காட்டுக் கதவு மூடாமலிருக்க: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பனுக்கு வந்த முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த ஒரு சிறு வனக் காப்பகத்துக்குப் போனோம். வாசலில் கட்டணம் வாங்கிக்கொண்டு சீட்டு கொடுத்தார்கள். அரை மணி நேரம் நடந்திருப்போம். ஓடையைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றில் தொங்கிய பலகையில் பாலம் பழுது, பாதை மூடப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. கயிறு வெயிலில் வெளுத்து நூல் பிரிந்திருந்தது. நேற்றோ முந்தாநாளோ கட்டிய கயிறு அல்ல.

எங்களுடன் எதிர்வீட்டு ஆயாவும் வந்திருந்தார். டர்பன் தமிழர்கள் பாட்டியை ஆயா என்றுதான் அழைக்கிறார்கள். கேட்டோ மேனரில் பிறந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டப்பட்ட குடும்பம். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் காலத்தில் எங்களை வாசலிலேயே நிறுத்தினான், தம்பி. இப்போது காசு வாங்கிக்கொண்டு பாதியில் நிறுத்துகிறான்."

அவர் சொன்னதில் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் குரூகர் தேசியப் பூங்காவில் வெள்ளையர் அல்லாதவர்கள் இரவு தங்க ஒதுக்கப்பட்டிருந்தது பலூலே என்ற சிறிய முகாம். சட்டம் மாறி வாசல் திறந்தது. வாசல் திறந்த பிறகு உள்ளே பாலமும் பாதையும் காவலரும் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் பணத்தில் இருக்கிறது. அந்தக் கயிற்றை அவிழ்ப்பது யார் பொறுப்பு, யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு காலம் வீணாக வேண்டாம்.

முதலில், இது யாருடைய காடு?

புதிதாக வந்த எல்லோரும் சறுக்கும் இடம் இது. டிராக்கன்ஸ்பெர்க் மலையடியில் ராயல் நடால் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஏதாவது பழுதாகியிருந்தால், பெயரில் 'தேசிய' என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் தேசியப் பூங்காக்களை நடத்தும், பிரிட்டோரியாவில் இருக்கும் சான்பார்க்ஸ் அமைப்புக்கு எழுதுவோம். கடிதம் கிணற்றில் போட்ட கல்தான். பெயர் எதுவாக இருந்தாலும் அந்தப் பூங்காவை நடத்துவது குவாசுலு-நடால் மாகாணத்தின் எசெம்வெலோ அமைப்பு.

சுருக்கமாகச் சொன்னால், குரூகர், அடோ யானைப் பூங்கா, டேபிள் மவுண்டன் போன்றவை சான்பார்க்ஸின் கையில். ஷ்லுஷ்லூவே-இம்ஃபோலோசி, டிராக்கன்ஸ்பெர்க், டர்பன் அருகில் கிரான்ஸ்க்ளூஃப், கென்னத் ஸ்டெயின்பேங்க் ஆகியவை எசெம்வெலோவின் கையில். இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குத் தனி ஆணையம் உண்டு; அன்றாட வனப் பாதுகாப்பு வேலையை அங்கே எசெம்வெலோ பார்க்கிறது. சாட்ஸ்வொர்த்தில் நம் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சில்வர்க்ளென், ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கத்தில் பால்மியட் போன்றவை டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சிக்குச் சொந்தம். இவை தவிர, 1998ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டத்துக்கு உட்பட்ட அரசுக் காடுகள் தனி. பொழுதுபோக்கு, கல்வி, பண்பாடு, ஆன்மிகம் ஆகியவற்றுக்காக அரசுக் காடுகளுக்குள் நியாயமான அளவில் நுழைய எல்லோருக்கும் உரிமை உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கடிதம் எழுதும்போது உதவும்.

காடு அரசாங்கத்துடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் அது ஒரு கிராமத்துடையதாக இருப்பதும் உண்டு. குரூகரின் வடகோடியில் இருந்த மக்குலெக்கே மக்களை 1969இல் வெளியேற்றிவிட்டு அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தார்கள். 1998இல் ஏறத்தாழ 25,000 ஹெக்டேர் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர்கள் அதை உழவில்லை. காடாகவே வைத்து, விடுதி நடத்த விட்டு வருமானம் பெறுகிறார்கள். காடு என்றாலே மனிதரை விரட்டிவிட்டு வேலி போடுவது என்று நம் ஊரிலும் நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

ஆக, முதல் வேலை: வாசலில் இருக்கும் பலகையைப் படம் எடுங்கள். சின்னத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சீட்டுக் கொடுப்பவரிடம் கேளுங்கள். அவர் சம்பளம் யாரிடமிருந்து வருகிறதோ, கடிதம் அங்கேதான் போக வேண்டும்.

பணம் வரும் வழி

சான்பார்க்ஸ் தன் செலவின் பெரும்பகுதியைத் தானே சம்பாதிக்கிறது. நுழைவுக் கட்டணம், தங்கும் அறை, கடை வாடகை எல்லாம் சேர்ந்தது அது. அதிலும் குரூகர்தான் மூத்த பிள்ளை. ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பூங்காவும் இன்னும் சிலவும் ஈட்டுவதைக் கொண்டுதான், கூட்டம் வராத மற்றப் பூங்காக்களும் நடக்கின்றன. வரிப்பணத்தை மட்டும் நம்பி இல்லை என்பது நல்ல விஷயம்தான். ஆனால் 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து வாசல்கள் மூடியபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. பயணி வரவில்லை, பணமும் வரவில்லை. ஆனால் சிங்கத்துக்கும் வேலிக்கும் காவலருக்கும் ஊரடங்கு கிடையாது.

எசெம்வெலோவின் கதை வேறு. அது மாகாண அரசு தரும் மானியத்தைச் சார்ந்து நிற்கிறது. அந்த மானியத்தில் பெரும் பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது. மீதத்தில்தான் பாலம், கூரை, வேலி, வண்டி எல்லாம். வீட்டுக் கணக்குப் பார்க்கும் எந்த அம்மாவுக்கும் இது புரியும்: மாதக் கடைசியில் கை வைப்பது பழுது பார்க்கும் பணத்தில்தான்.

அப்படிக் கை வைத்தால் என்ன ஆகும்? ஷ்லுஷ்லூவே-இம்ஃபோலோசியைப் பாருங்கள். 1895இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று. உலகில் இன்று இருக்கும் தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகங்கள் எல்லாம் அங்கே தப்பிப் பிழைத்த ஒரு சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள். 1960களில் அங்கிருந்துதான் மற்றக் காடுகளுக்கும் நாடுகளுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 300க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றுவிட்டார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் கொல்லப்பட்டவை 499. மறுவருடம் கொம்புகளை அறுத்தெடுக்கும் வேலையை அங்கே தொடங்கிய பிறகு எண்ணிக்கை குறைந்தது; 2024இல் நாடு முழுவதும் 420. ஒரு காண்டாமிருகத்தை மயக்கிக் கொம்பை அறுக்க மருத்துவர், ஹெலிகாப்டர், ஆட்கள் எல்லாம் வேண்டும். கொம்பு மறுபடி வளரும், மறுபடி அறுக்க வேண்டும், மறுபடி பணம்.

உங்கள் சீட்டும் ஒரு வாக்குச்சீட்டுதான்

போகாத காட்டுக்காகப் பேச முடியாது. ஆகவே போங்கள், கணக்கில் வரும்படி போங்கள்.

கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். தென்னாப்பிரிக்கக் குடிமக்களும் இங்கே குடியிருப்பவர்களும் செலுத்துவது ஒரு தொகை. பக்கத்து நாட்டவர் செலுத்துவது இன்னொன்று. வெளிநாட்டுப் பயணிகள் செலுத்துவது உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு. குடியிருப்பு உரிமைக்கான ஆவணம் உங்களிடம் இருந்தால் அசலை எடுத்துப் போங்கள். கைப்பேசியில் இருக்கும் படத்தைக் காட்டி வாசலில் வாதாடிய நண்பர் ஒருவர், கடைசியில் வெளிநாட்டுக் கட்டணம் கட்டிவிட்டு வீடு வரும்வரை புலம்பினார். வருடத்துக்கு நாலைந்து முறையாவது போகும் குடும்பமாக இருந்தால் வைல்ட் கார்டு என்ற ஆண்டு அட்டையை விசாரியுங்கள். எந்தெந்தப் பூங்காவில் அது செல்லும், உங்கள் விசாவுக்கு எந்த வகை பொருந்தும் என்பதை வாங்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் தேசியப் பூங்கா வாரம் வரும். அடையாள அட்டை வைத்திருக்கும் தென்னாப்பிரிக்கர்கள் பகல் நேரத்தில் பல பூங்காக்களுக்குள் கட்டணமில்லாமல் போகலாம். நமக்குக் கிடைக்காவிட்டாலும், ஆயா போன்றவர்களை அழைத்துப் போக அதைவிட நல்ல வாரம் இல்லை. எழுபது வயதில் முதன்முதலாகச் சிங்கத்தைப் பார்த்த ஒருவரை அருகில் இருந்து பார்ப்பது, சிங்கத்தைப் பார்ப்பதைவிடப் பெரிய காட்சி.

வாசலில் வருகைப் பதிவேடு இருந்தால் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். காரில் ஐந்து பேர் இருக்க, ஒருவர் பெயரை எழுதிவிட்டு நகர்வது நம் பழக்கம். இந்த ஊரில் அந்த எண்ணிக்கைக்கு விலை உண்டு. எத்தனை பேர் வந்தார்கள் என்ற தாளைக் காட்டித்தான் அந்தக் காப்பகத்தின் அதிகாரி அடுத்த வருடம் பணம் கேட்பார். நகருக்குள் இருக்கும் காப்பகங்களில் பல இலவசம். அங்கே பதிவேடுதான் உங்கள் கட்டணம்.

உள்ளே போன பிறகு விதிகள் எளிமையானவை. குரூகரில் தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40. குறித்த இடங்களில் தவிர வண்டியை விட்டு இறங்கக்கூடாது. வாசல் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். விடுமுறைக் காலத்தில் பகல் பயணிகளுக்கு வரம்பு வைப்பார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நகர்க் காப்பகங்களில் சிங்கம் இல்லை, வழிப்பறி உண்டு. நான்கு பேருக்குக் குறையாமல் நடங்கள், நகையை வீட்டில் வையுங்கள். இங்கே பிராய் என்று சொல்லும் கரி அடுப்பை ஒதுக்கிய இடத்தில் மட்டும் மூட்டுங்கள். ஆகஸ்டில் மலையிலிருந்து வெப்பக் காற்று இறங்கும்போது ஒரு பொறி போதும், ஒரு மலைச்சரிவு போய்விடும்.

மண்வெட்டியும் உண்ணிச்செடியும்

எனக்குப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் காட்டுக்குள் முதலில் நுழைந்தபோது எனக்கு ஊருக்குத் திரும்பிய மாதிரி இருந்தது. உண்ணிச்செடி பூத்துக் கிடந்தது. மலைவேம்பு நின்றது. மைனா கத்தியது. துறைமுகப் பக்கம் போனால் நம் வீட்டுக் காகமே உட்கார்ந்திருந்தது. "எல்லாம் நம்முடையது" என்று மகிழ்ந்துபோனேன். என்னுடன் வந்த காப்பக ஊழியர் சிரிக்காமல் சொன்னார்: அதுதான் பிரச்சினை. உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் வந்தது. மலைவேம்பு ஆசியாவிலிருந்து வந்து, இங்கே சிரிங்கா என்ற பெயரில் ஓடைக்கரை எல்லாம் பரவியிருக்கிறது. மைனாவும் காகமும் இந்தியாவிலிருந்து வந்தவை. வந்த இடத்தில் இவற்றைத் தின்று குறைக்க எதிரி இல்லை. சொந்த மண்ணின் செடிகளை அமுக்கிவிட்டு வளர்கின்றன.

இதற்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு? தண்ணீர். கருவேல இனத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய வாட்டில் மரங்கள் போன்றவை ஆற்றுத் தலைப்பகுதிகளில் பரவினால், அங்கே இருந்த புல்வெளியைவிட அதிகம் நீரைக் குடித்துவிடுகின்றன. அணைக்கு வந்து சேரும் நீர் குறைகிறது. 1995இல் அப்போதைய நீர்வளத் துறை அமைச்சர் காதர் அஸ்மல் 'தண்ணீருக்காக வேலை' என்ற திட்டத்தைத் தொடங்கினார். டர்பனுக்கு வடக்கே உள்ள ஸ்டாங்கரில் பிறந்தவர் அவர். வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்து அந்நிய மரங்களை வெட்ட வைப்பது திட்டம். காட்டுக்கு ஒதுக்கும் பணம் காண்டாமிருகத்துக்கு மட்டும்தான் போகிறது என்று யாராவது குறைபட்டால், அவர் வீட்டுக் குழாயைத் திறந்து காட்டுங்கள்.

நீங்கள் எப்படிச் சேருவது? சான்பார்க்ஸுக்குக் கௌரவ வனக் காவலர்கள் என்ற பெரிய தொண்டர் அமைப்பு இருக்கிறது. 1964 முதல் இயங்குகிறது. எசெம்வெலோவுக்கும் கௌரவ அலுவலர்கள் உண்டு. இரண்டிலும் பயிற்சி, உறுதிமொழி, குறிப்பிட்ட மணிநேரம் என்று முறை இருக்கிறது. புதியவர்களுக்கு நான் முதலில் அதைச் சொல்வதில்லை. பக்கத்துக் காப்பகத்தின் 'நண்பர்கள் குழு' எது என்று விசாரியுங்கள். பெரும்பாலான நகர்க் காப்பகங்களுக்கு அப்படி ஒன்று இருக்கும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, தொப்பி, தண்ணீர் போதும். போய் நின்றால் கையில் ஒரு கத்தரியைக் கொடுத்து இதை வெட்டு, அதை வெட்டாதே என்று காட்டுவார்கள். அவர்கள் காட்டாத எதையும் பிடுங்காதீர்கள். முதல் நாள் நான் பெருமையாகப் பிடுங்கிய செடி, அவர்கள் ஒரு வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. வீடு திரும்பியதும் உடம்பு முழுக்க உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வாரம், பத்து நாளுக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்து, கடித்த இடம் கறுத்திருந்தால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

சில்வர்க்ளெனில் மருத்துவச் செடிகளுக்கான நாற்றங்கால் ஒன்று இருக்கிறது. டர்பனின் வார்விக் சந்திப்பில் இருக்கும் மூலிகைச் சந்தைக்கு வரும் பட்டைகளும் வேர்களும் காட்டிலிருந்து வருபவை. மிளகுப்பட்டை மரம் போன்றவை பட்டையை உரித்தே அழியும் நிலைக்கு வந்துவிட்டன. மூலிகை மருத்துவரைத் தடுப்பதைவிட அவருக்கு நாற்றுக் கொடுப்பது மேல் என்பது அந்த நாற்றங்காலின் யோசனை. ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றும் நாட்களில், எங்கள் கோயில் இளைஞர்கள் ஒரு சனிக்கிழமையை ஓடைக்கரைக் களை எடுப்பதற்கு ஒதுக்கினார்கள். அழைப்புக்கு ஏழு பேர் வருவார்கள் என்று நினைத்தோம்; வேலை முடிந்து பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) உண்டு என்று வாட்ஸ்அப்பில் போட்டதும் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கோயிலில் கூட்டம் சேர்ப்பதும் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் தயங்கித்தான் சொல்கிறேன். பூசை முடிந்த தேங்காய், துணி, பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் ஆற்று முகத்தில் விட்டுவிட்டு வரும் பழக்கத்தை இங்கேயாவது நிறுத்துவோம். களை எடுத்த அன்று எங்களுக்குக் கிடைத்த குப்பையில் பாதி சாமிக்குப் படைத்ததுதான்.

கடிதம்

வாக்குரிமை இல்லாத நாம் எழுதினால் யார் படிப்பார்கள் என்று பலர் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு, கேடு விளைவிக்காத சுற்றுச்சூழலில் வாழும் உரிமையும் அது பாதுகாக்கப்படும் உரிமையும் 'எல்லோருக்கும்' உண்டு என்கிறது; குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை. கருத்துக் கேட்பு அறிவிப்புகளில் வாக்காளர் எண்ணைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

பயன் உண்டா என்று கேட்டால் செயின்ட் லூசியாவைக் காட்டுவேன். அங்கே கடற்கரை மணல்மேடுகளைத் தோண்டிக் கனிமம் எடுக்க ஒரு திட்டம் 1980களின் இறுதியில் எழுந்தது. எதிர்த்து லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 1996இல் அரசு சுரங்கம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. 1999இல் அதே இடம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. இன்று அதன் பெயர்தான் இசிமங்கலிசோ.

எழுத வேண்டிய நேரம் முக்கியம். பொங்கலுக்கு வாழ்த்து ஆடியில் போனால் என்ன பயன்? மத்திய அரசின் பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரியில் வரும் (2025இல் வாட் வரித் தகராறில் மே வரை இழுத்துக்கொண்டு போனார்கள், அது விதிவிலக்கு). மாகாண பட்ஜெட் மார்ச்சில். அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கும். மாநகராட்சியின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்குவதால், வரைவு பட்ஜெட்டை மார்ச் முடிவுக்குள் வைத்துவிட்டு ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்தைக் கேட்பார்கள். சில்வர்க்ளென் போன்ற இடத்துக்கு எழுத அதுதான் காலம். சான்பார்க்ஸ், எசெம்வெலோ போன்ற அமைப்புகளின் ஆண்டறிக்கை செப்டம்பர் வாக்கில் வெளியாகும். அக்டோபரில் நாடாளுமன்றக் குழு சான்பார்க்ஸின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துப் பரிந்துரை எழுதும்; எசெம்வெலோவின் அறிக்கை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போகும். ஆண்டறிக்கையில் வரவு, மானியம், சம்பளம், பராமரிப்பு என்ற நான்கு வரிகளை மட்டும் தேடிப் படித்தாலே போதும், மற்றதெல்லாம் படங்கள்.

பட்ஜெட்டைவிடப் புதியவர்களுக்கு எளிய வாசல் ஒன்று உண்டு: நிர்வாகத் திட்டம். 2003ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் சட்டப்படி ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும்; அதை எழுதும்போது உள்ளூராட்சியையும் சுற்றியுள்ள மக்களையும் பாதிக்கப்படும் மற்றவர்களையும் கலந்தாக வேண்டும். செய்தித்தாளில் அறிவிப்பு வரும்போது, அக்கறையுள்ள தரப்பாக உங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு கூட்டம், வரைவு எல்லாவற்றுக்கும் அழைப்பு தானாக வரும். முதல் கூட்டத்துக்கு நான் போனபோது பெரிய மண்டபத்தில் பதினொரு பேர் இருந்தோம். அதில் நான்கு பேர் தேநீருக்காக வந்தவர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குரல் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று யோசியுங்கள்.

கடிதத்தை எப்படி எழுதுவது? என் முதல் கடிதத்தில் மூன்று பக்கம் இயற்கையைப் புகழ்ந்து தள்ளியிருந்தேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதம் ஒன்பது வரி. நான் யார், எந்த வார்டில் இருக்கிறேன். எந்தத் தேதியில் போனேன், எந்தப் பாதையில் எந்த இடத்தில் என்ன பார்த்தேன். இரண்டு படங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்தப் பாலத்தைச் சரிசெய்ய எந்த ஆண்டின் நிதியில் இடம் இருக்கிறது? கடைசி வரியில், எத்தனை நாளில் பதில் எதிர்பார்க்கிறேன் என்பது. 'வெட்கக்கேடு', 'அலட்சியம்' போன்ற சொற்கள் இல்லை. கடிதத்தைப் படிப்பவர் பெரும்பாலும் நம்மைப் போலவே பணமில்லாமல் தவிக்கும் ஓர் ஊழியர். அவரைத் திட்டினால் கடிதம் இழுப்பறைக்குள் போகும், அவருக்கு ஆயுதமாக எழுதினால் மேலதிகாரியின் மேசைக்குப் போகும். ஆங்கிலத்தில் எழுதுங்கள், சுலு தெரிந்த நண்பர் இருந்தால் சுலுவிலும் ஒரு படி சேருங்கள். வார்டு உறுப்பினருக்கு நகல் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் கோபத்தை அடக்கிக்கொண்டு, 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டப்படி விண்ணப்பம் கொடுங்கள். நம் ஊர் ஆர்டிஐ போலத்தான். படிவம் ஒன்று, சிறு கட்டணம், 30 நாள் கெடு. தேவைப்பட்டால் அவர்கள் ஒருமுறை நீட்டித்துக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கோப்பு, இந்த ஆண்டின் இந்தச் செலவுப் பட்டியல் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் கொடுங்கள் என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

நன்கொடை கொடுக்க வசதி உள்ளவர்கள் 18ஏ ரசீது தரும் அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். ரசீது தர முடியாது என்பவரிடம், எவ்வளவு பெரிய காண்டாமிருகப் படம் போட்டிருந்தாலும், பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பாலம் என்ன ஆயிற்று

என் விண்ணப்பத்துக்கு 41ஆம் நாள் பதில் வந்தது. பாலத்துக்கு இரண்டு முறை பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு முறையும் அதை எடுத்து, வெட்டித் திருடப்பட்ட வேலியைக் கட்டவும் இரவுக் காவலுக்கும் செலவழித்திருக்கிறார்கள். ஊழல் இருக்கும் என்று வரிந்து கட்டிக்கொண்டிருந்த எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்த அதிகாரியின் இடத்தில் நான் இருந்தாலும் வேலியைத்தான் கட்டியிருப்பேன்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நண்பர்கள் குழு அந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தது. மரப்பலகையை நாங்கள் வாங்கித் தருகிறோம், பொறியாளரின் ஒப்புதலும் கூலியும் உங்களுடையது என்று பேசி முடித்தோம். எழுத்தில் வாங்கிக்கொண்டோம், இதை மறக்காதீர்கள், ஆள் மாறினால் பேச்சும் மாறிவிடும். அதற்கும் எட்டு மாதம் ஆயிற்று. திறந்த அன்று ஆயாவை அழைத்துப் போனேன். பாலத்தின் நடுவில் நின்று கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார். "உயரம் வைத்துவிட்டார்கள், தம்பி. என் தோளுக்கு வருகிறது. இதற்கும் ஒரு கடிதம் எழுது" என்றார். வீட்டுக்கு வந்ததும் தேதியையும் கைப்பிடியின் உயரத்தையும் குறித்து, படம் சேர்த்து, அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன், இன்று 12ஆம் நாள்.